தடமில்லா மலை: பாலை நிலத்துச் சிகரமேற்றம்

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் வசிக்கும் எங்களுக்கு மலை என்றால் மோன் ரோயால்தான். உயரம் 233 மீட்டர். 1876இல் திறக்கப்பட்ட அதன் பூங்காவை வடிவமைத்த பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட், ஏறுகிறோம் என்பதே தெரியாதபடி பாதையை வளைத்து வளைத்து உயர்த்தினார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே மேலே போய்விடலாம். அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள மொகாவே, சொனோரப் பாலைவன மலைகள் இதற்கு நேர் எதிரானவை. அவற்றுட் பலவற்றிற்குப் பாதையே கிடையாது. வரைபடத்தைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, வழியை நாமே தெரிவுசெய்ய வேண்டும்.

இவ்வகை ஏற்றத்தை ஆங்கிலத்தில் 'ஸ்கிராம்பிளிங்' என்பர். நடைக்கும் கயிறுகட்டிப் பாறையேறுவதற்கும் இடைப்பட்டது அது. அமெரிக்காவில் வழக்கிலுள்ள தரப்படுத்தலில் முதலாம் வகுப்பு வெறும் நடை. இரண்டாவதில் இடையிடையே கையூன்ற வேண்டும். மூன்றாவதில் கையில்லாமல் ஏற முடியாது. நான்காவதில் விழுந்தால் உயிர் போகலாம். ஐந்தாவது கயிறும் பயிற்சியும் வேண்டும் பாறையேற்றம். கலிபோர்னியாவின் சியரா கிளப்பில் பாலைவனச் சிகரங்களுக்கென்றே 1941இல் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே நம் பாலை மணற்காடு அல்ல, வறண்ட கல்மலைதான். சங்கப் பாலைப் பாடல்களில் வரும் 'பதுக்கை', ஆறலைகள்வரால் மடிந்த வழிப்போக்கர்மேல் குவிக்கப்பட்ட கற்குவியல். இன்றைய மலையேறிகளோ பின்னால் வருபவருக்கு வழிகாட்டவே கற்களை அடுக்குகிறார்கள். மலைபடுகடாத்தில் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் பெருங்கௌசிகனார், பாதை பிரியுமிடத்தில் புல்லை முடிந்து அடையாளமிடச் சொல்கிறார். பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது, பாம்பு உறையும் குழிகளை எப்படிக் கடப்பது என்றும் விவரிக்கிறார். 583 அடிகள் கொண்ட அந்நூலை மலைவழிக் கையேடாகவும் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

பாலைவன மலையில் முதற் சிக்கல் தண்ணீர். நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு லீட்டராவது வேண்டும். வழியில் ஊற்றை நம்ப முடியாது. அதனாலேயே குளிர்காலத்தில்தான் பெரும்பாலானோர் ஏறுகிறார்கள். அடுத்தது உதிரிக் கல். மழையும் மண்ணும் குறைந்த சரிவில் பாறைத் துண்டுகள் இறுகாமல் கிடக்கும். ஒருவர் மிதித்த கல் கீழே வருபவர்மேல் உருளும். ஆகவே நேர்கீழாக யாரும் நிற்கலாகாது. சோயா என்னும் கள்ளியின் முள் துணியோடு தசையையும் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்கப் பலர் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். இதைப் புதியவர்கள் நம்புவதில்லை. மேலே போகப்போக மலைமுகடுகள் ஒன்றுகூடிச் சிகரத்தில் முடியும். எவ்வழி ஏறினாலும் உச்சி வந்துவிடும். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்து போகின்றன. ஒரு கிளை தவறினால் வேறொரு பள்ளத்தாக்கில் நிற்போம். எளிதாகத் தோன்றும் ஓடை வழியோ, நீரற்ற அருவிப் பாறையின் விளிம்பில் முடியலாம். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து, இறங்குமுகமாக நிலம் எப்படித் தெரிகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

போகுமிடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இன்றியமையாதது. 2003 ஏப்ரலில் யூட்டாவின் பள்ளத்தாக்கொன்றில் தனியே சென்ற ஆரன் ரால்ஸ்டனின் வலக்கையை உருண்ட பாறையொன்று நசுக்கிச் சிறைப்பிடித்தது. எங்கே போகிறார் என்று யாருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் கிடந்து, மழுங்கிய கத்தியால் தன் முன்கையைத் தானே அறுத்துத் தப்பினார்.

தடமில்லா நடை நிலத்தையும் காயப்படுத்தும். செடிகளுக்கிடையே கருத்த மேலோடு போலத் தெரியும் மண், நுண்ணுயிர்களாலும் பாசியாலும் பிணைக்கப்பட்ட உயிருள்ள படலம். ஒரு காலடியில் நொறுங்கும். மீளப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பாறைமீதோ, வெள்ளம் ஓடிக் காய்ந்த மணலிலோதான் கால் வைக்க வேண்டும்.

இன்னொன்று, மலை யாருடையது என்ற கேள்வி. அரிசோனாவின் பாபோகிவாரி 2350 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைக் கோபுரம். ராபர்ட் ஃபோர்ப்ஸ் 1898 ஜூலை 12 அன்று அதன் உச்சியை அடைந்தது முதல் ஏற்றமாகப் பதிவாகியுள்ளது. 82ஆம் வயதிலும் அவர் அதில் ஏறினார். ஆனால் தொகொனோ ஓடம் மக்களுக்கு அது தம்மைப் படைத்த ஈஇதொய் குடியிருக்கும் இடம். மலையடிக் குகையொன்றில் அவருக்குக் காணிக்கை வைப்பது வழக்கம். மேற்குப்புறம் அம்மக்களின் நிலம். அங்கிருந்து ஏற அவர்களின் அனுமதி வேண்டும்.