சிற்றிடைவெளிகளில் சீட்டா சார்பின் உச்சம்

மெய்ப்பகுதி ½ ஆன செங்குத்துக் கோட்டில், வெகு உயரத்தில், ஓரலகு நீள இடைவெளி ஒன்றைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்தால், அதற்குள் ரீமான் சீட்டா சார்பின் மட்டு மதிப்பு எதுவரை ஏறும்? 2012இல் யான் ஃபியோதரோவ், கைத் ஹியாரி, ஜொனாதன் கீட்டிங் ஆகியோர் இதற்கு ஓர் ஊகத்தை முன்வைத்தனர். உயரத்தின் இயல் மடக்கையை ம என்று கொள்வோம். ம-வின் மடக்கையை ¾ அடுக்குக்கு உயர்த்தி, அதனால் ம-வை வகுத்தால் கிடைப்பதே உச்சத்தின் அளவு. இடைவெளிக்கு இடைவெளி ஒரு காரணி அளவுக்கு அது ஏறி இறங்கும்.

சூட்சுமம் அந்த ¾-இல் இருக்கிறது. செல்பெர்க்கின் மைய எல்லைத் தேற்றப்படி, சீட்டாவின் மட்டு மதிப்பினுடைய மடக்கை இயல்நிலைப் பரவலை ஒத்தது. அதன் பரவற்படி ம-வின் மடக்கையில் பாதி. ஓரலகு இடைவெளிக்குள் ஏறக்குறைய ம புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக் கணக்கிட்டால் அடுக்கு ¼ என்றே வரும். உயரம் 10²⁸ என்றால் ம சுமார் 64. ¼ அடுக்கு தரும் உச்சம் ஏறத்தாழ 45, ¾ தருவதோ 22. அற்ப வித்தியாசம் அல்ல.

புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதே காரணம். சீட்டாவின் மடக்கையைப் பகா எண்களின் பங்களிப்புகளாகப் பிரிக்கலாம். சிறிய பகா எண்களின் பங்கு மெதுவாகவே மாறுவதால் அண்டைப் புள்ளிகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரியவற்றின் பங்கு வேகமாக மாறி அவற்றைப் பிரிக்கிறது. அடிமரம் ஒன்றாயிருந்து மேலே போகப் போகக் கிளைகள் பிரிவது போன்ற அமைப்பு இது. கிளைவிடும் பிரௌனியன் இயக்கத்தின் உச்சத்தில் இதே வகைக் குறைவை 1978இல் பிராம்சன் கண்டிருந்தார். மூவரும் ஊகத்தை எட்டிய வழி வேறு: சீரற்ற அணிகளின் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவைகளைச் சீட்டாவுக்கு மாதிரியாகக் கொண்டனர்.

உச்சத்தின் முதன்மை அளவு ம-தான் என்பதை ஆர்கன், பெலியுஸ், பூர்காட், ராட்சிவில், சௌந்தரராஜன் ஐவரும் 2019இல் வெளியான கட்டுரையில் நிறுவினர். நுண்ணிய ¾-க்கான மேல்வரம்பை 2020இலும் கீழ்வரம்பை 2023இலும் ஆர்கன், பூர்காட், ராட்சிவில் வெளியிட்டனர். இரண்டுக்கும் ரீமான் கருதுகோளின் துணை தேவைப்படவில்லை.

நெடுந்தூரம் தேடினால் கிடைக்கும் அபூர்வச் சிகரங்களை இதோடு குழப்பக்கூடாது. 1977இல் பாலசுப்பிரமணியனும் இராமச்சந்திராவும் அத்தகைய சிகரங்களுக்குக் கீழ்வரம்பு தந்தனர். சென்னையில் பிறந்த சௌந்தரராஜன் 2008இல் ஒத்ததிர்வு முறையால் அதை மேம்படுத்தினார். அச்சிகரங்கள் ம-வின் எந்த நிலையான அடுக்கையும் இறுதியில் மிஞ்சிவிடும்.