மிளகு வந்த வழி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆயினும், சளி மருந்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஆவி பிடிக்க நொச்சி உண்டு. இரசத்திற்கு வேலியோரத் தூதுவளை உண்டு. ஆனால், அந்த இரசத்திற்குக் காரம் ஊட்டும் மிளகு இம்மண்ணில் விளைவதன்று. மேற்கு மலைச்சாரலிலிருந்து வந்தது.

அம்மிளகு கடலும் கடந்தது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தியத் தாழியொன்றில் 7.5 கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. 1498-க்குப் பின், போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இங்கு வந்தது. மிளகின் பெயரையே சூடிக்கொண்டு, குழம்பில் அதன் இடத்தையும் பிடித்தது. மருந்தில் மட்டும் பிடிக்க முடியவில்லை. தும்மல் கேட்டால், பாட்டிமார் கை இன்றும் மிளகையே நாடுகிறது.

எனினும், அன்பர்களே, 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. சுக்கும் மிளகும் அறியாத வீடுகளா அவை? கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். அதற்குமேல் அதனிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கினால், அடுப்பை மூட்டிக் காலம் கடத்தலாகாது. உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.