அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், இன்டர்ஃபேஸ்: 2014-இல் காலாவதியான ஒரு விடை

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு நேர்முகத் தேர்வு. வந்திருந்த பெண் போடிக்காரர். பேச்சைக் கேட்டதுமே எங்க தேவாரம் பக்கம் என்று தெரிந்துவிட்டது. என்னோடு இருந்த சீனியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம்?"

"இப்ப ஜாவால இன்டர்ஃபேஸ்லயும் மெத்தடுக்கு உள்ள கோட் எழுதலாம் சார்..." என்று அவர் ஆரம்பித்தார். சீனியர் முழுசாகக் கேட்காமலே தப்பு என்று குறித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். நான் பி.இ. படிச்ச காலத்து விடை வேறு: அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் கோட் இருக்கலாம், இன்டர்ஃபேஸில் வெறும் அறிவிப்பு மட்டும்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பெண் சொன்னதுதான் சரி. அதற்குள் முடிவு போய்விட்டது.

சரியாக இருந்த ஒரு விடை எப்படித் தப்பாகிப் போனது? அந்த உறுத்தலில் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

கதை நார்வேயில் தொடங்குகிறது. ஒலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ், அதிலிருந்து கிளைக்கும் துணை கிளாஸ் எல்லாம் முதலில் வந்தன. தாய் கிளாஸில் இருப்பது பிள்ளைக்கும் வரும். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு 1979-இல் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் தொடங்கிய வேலைதான் பிறகு சி++ ஆனது.

அங்கே ஒரு சிக்கல் இருந்தது. தாய் கிளாஸின் உள்விவரத்தைக் கொஞ்சம் மாற்றினாலும், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 1989-இல் வந்த 2.0 பதிப்பில் இதற்கு ஒரு வழி வந்தது. மெத்தட் பெயருக்குப் பின்னால் "= 0" என்று போட்டால், "இது என்னிடம் இல்லை, பிள்ளைதான் எழுத வேண்டும்" என்று பொருள். முறைப்படி அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் சி++-க்குள் வந்தது இப்படித்தான். ஒரு பிள்ளைக்குப் பல தாய் இருக்கலாம் என்பதும் அதே பதிப்பில் வந்தது. எல்லா மெத்தடுக்கும் "= 0" போட்ட கிளாஸ்தான் சி++-இல் இன்டர்ஃபேஸ். தனியாக ஒரு சொல் கிடையாது.

1995-இல் ஜாவா வெளியே வந்தபோது ஜேம்ஸ் காஸ்லிங் குழு பல தாய் வழியை ஏற்கவில்லை. இரண்டு தாயும் ஒரே பெயரில் ஆளுக்கொரு மெத்தட் கொடுத்தால் பிள்ளை எதை எடுக்கும் என்ற குழப்பம் வரும். அதனால் தாய் ஒன்றுதான் என்று வைத்தார்கள். கூடவே, அப்ஜெக்டிவ்-சி மொழியில் இருந்த புரோட்டோகால் என்ற வசதியைப் பார்த்து இன்டர்ஃபேஸைக் கொண்டுவந்தார்கள். அது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஏலக்காயை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். தாய்த்தூரிலிருந்து பிரித்து நட்ட செடி அந்தத் தூரின் குணத்தோடுதான் வளரும். அது அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். போடி ஏலத்திலோ செடியின் பூர்வீகம் பெரிசில்லை. மலபாரோ, மைசூரோ, வழுக்கையோ, ஞள்ளானியோ, காயின் பருமன் எத்தனை மில்லிமீட்டர், நிறம் எப்படி, லிட்டருக்கு எடை என்ன என்றுதான் பார்ப்பார்கள். அது இன்டர்ஃபேஸ். முன்பின் தெரியாதவர் கொண்டுவந்த காயும் அங்கே போகும்.

ஆனால் நாளைக்கே இன்னொரு நிபந்தனை கூடுதலாக வேண்டும் என்றால் என்ன ஆகும்? நேற்றுவரை விலைபோன மூட்டையெல்லாம் தேங்கிவிடும். ஜாவாவுக்கு நடந்தது இதுதான்.

1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தது. அதன் கலெக்‌ஷன்ஸ் தொகுப்பை வடிவமைத்தவர் ஜோஷுவா பிளாக். லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸ் அதில்தான் வந்தது. உலகம் முழுக்க யார் யாரோ அதை வைத்து சொந்தமாக கிளாஸ் எழுதினார்கள். 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது லாம்டாவோடு சேர்த்து ஸ்ட்ரீம் போன்ற புது மெத்தடுகளையும் இந்த இன்டர்ஃபேஸ்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வெறும் அறிவிப்பாகச் சேர்த்தால் அந்தப் பழைய கிளாஸ்கள் ஒன்றும் கம்பைல் ஆகாது. அதனால் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே கோட் எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் டிஃபால்ட் மெத்தட். என் கல்லூரி விடை காலாவதியானது அன்றைக்குத்தான். 2019-இல் சி ஷார்ப்பும் இதே வழிக்கு வந்தது.

அப்படியென்றால் இப்போது வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அதே தொகுப்பில் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் என்று ஒரு கிளாஸ் உண்டு. பட்டியல் எத்தனை முறை கூடிக் குறைந்தது என்று எண்ணிவைக்க அதில் மாட்கவுன்ட் என்ற மாறி இருக்கிறது. லிஸ்ட் இன்டர்ஃபேஸால் இன்றைக்கும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. மாறாத கான்ஸ்டன்ட் வைக்கலாம், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனித்தனியாக மாறும் தகவலை வைக்க முடியாது. கன்ஸ்ட்ரக்டரும் கிடையாது. தாய் இன்னமும் ஒன்றுதான், இன்டர்ஃபேஸ் பல. ஆக, பொதுவாக வைத்துக்கொள்ள ஏதாவது தகவல் இருந்தால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். தெரியாதவரோடு ஒப்பந்தம் மட்டும் போதுமென்றால் இன்டர்ஃபேஸ். ஜாவா செய்த மாதிரி இரண்டையும் சேர்த்தும் கொடுக்கலாம்.

இப்போதெல்லாம் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தால், "வித்தியாசம் என்ன?" என்று நான் கேட்பதில்லை. "ஊர் முழுக்கப் பயன்படுத்துகிற இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட் சேர்க்கணும், என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறேன். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். அந்தப் போடிப் பெண்ணுக்கு அன்று அந்த இரண்டு நிமிஷத்தை நாங்கள் கொடுக்கவில்லை.