வாடைக்கும் சோளகத்துக்கும் நடுவே

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவோம். வாடை முகத்தில் அறையும். கொக்குப் பட்டத்தின் நூல் விரலை அறுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் அதே பட்டம் மணலை விட்டு எழும்பாது. சின்ன வயதில் எனக்கு அது பெருந்துக்கம். எங்கள் அப்புவுக்கோ அது நல்ல சேதி. "காத்து விழுந்திட்டுது தம்பி, இனிக் கொஞ்ச நாளைக்குக் கடல் குளம் மாதிரித்தான்" என்பார்.

1954 மார்ச்சில், அந்தக் குளம் போன்ற கடலில்தான் தொண்டைமானாற்று நவரத்தினசாமி இறங்கினார். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர். கதை சொல்பவர்கள் எல்லோரும் மணிக்கணக்கைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மாதம்தான் முக்கியம்.

ஐப்பசியில் தொடங்கும் வாடை, வங்கக் கடலின் நீரைத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தள்ளும். வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் ஓட்டம் மாறிவிடும். நீரிணையில் ஆழமும் குறைவு. ஆழம் குறைந்த கடலில் காற்று பட்டால் அலை நெருக்கமாக, செங்குத்தாக எழும்; மூச்செடுக்கத் தலை திருப்புகிறவனின் வாய்க்குள்ளேயே வந்து விழும். இரண்டு காற்றுக்கும் நடுவே கடல் விட்டுத்தரும் சில வாரங்கள்தான் பங்குனியும் சித்திரையும். அதற்குள்ளும் ஒரு நல்ல நாளைத் தேடவேண்டும்.

இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரல் 5ஆம் தேதி தலைமன்னாரில் இறங்கி, மறுநாள் தனுஷ்கோடியில் ஏறினார். 1964 டிசம்பர்ப் புயல் அழித்துப்போட்ட அதே தனுஷ்கோடி. நவரத்தினசாமி கடந்ததைவிட மிகவும் குறைந்த தூரம். ஆனாலும் 25 மணி 36 நிமிடம் பிடித்தது. அன்று பறுவம், முழு நிலவு நாள். இரவு முழுக்க நிலவு வெளிச்சம் கிடைக்கும், ஆனால் பறுவத்துக்கு நீர் வலு. மணல்திட்டுகளுக்கு இடையே பாயும் ஓட்டத்தை எதிர்த்து ஒரு கை போடுவதற்குள் இரண்டு கைத் தூரம் பின்னே போகலாம். வெளிச்சமா, தணிந்த ஓட்டமா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் முடியும். இரண்டையும் கடல் சேர்த்துத் தருவதில்லை.

எங்களூர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். 51 மணி நேரம். அதற்கு ஒரு நல்ல பகல் போதாது; இரண்டு நாளுக்கும் மேல் காற்று வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அவரைக் கொண்டுபோனது வேறொரு கடல். 1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயில் உயிர் பிரிந்தது. 1875 ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்யூ வெப் காற்றுக்கும் அலைக்கும் தோற்றுப் படகில் ஏறிய கடல் அது. வெப் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்து, 24ஆம் தேதி மறுபடி இறங்கி, அக்கரை சேர்ந்த முதல் ஆளானார். அந்தப் பன்னிரண்டு நாளையும் அவருடைய நீச்சலோடு சேர்த்தே எண்ணவேண்டும் என்பேன்.

பிறகு போர் வந்தது. காற்று விழுந்த எத்தனையோ பங்குனிகளில் எங்கள் கரையில் மீன்பிடிக்கவும் அனுமதி இல்லை. கடல் வெறுமனே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்தோம்.

போன பங்குனியில் பேரனின் பட்டத்தை மாலையில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தரம் எழும்பியது. மூன்றாம் தரம் மணலிலேயே கிடந்தது.