இறாலின் கொள்வினை கொடுப்பினை

ஓசூரைக் கடந்தால் ஜூஜுவாடி. அதையும் கடந்தால் கன்னட நாடு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே இருந்துகொண்டு ஒரு கடல் இறாலின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவது வேடிக்கைதான். ஆனால் 'இது இன்ன ஜாதி' என்று பிரிப்பதில் உள்ள தொல்லையை எல்லை ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்குகிற மனிதரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

சரித்திரத்தைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குகிறேன். 1620-இல் அங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 1845 வரை இருந்தார்கள். அவர்களிடம் டால்டார்ஃப் என்று ஒரு லெப்டினன்ட் இருந்தார். 1791-இல் பனைமரத்தில் ஒரு மீன் ஏறக் கண்டதாக எழுதி, லண்டன் பண்டிதர்களைத் திகைக்க வைத்தவர் அவர். நம்மவர்களுக்கு அதில் திகைப்பு இல்லை. அந்த மீனின் தமிழ்ப் பெயரே பனையேறிதான்.

டால்டார்ஃப் நண்டுகளையும் இறால்களையும்கூடச் சேகரித்தார். அவற்றில் பலவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர், கீல் நகரத்துப் பேராசிரியர் ஃபப்ரீசியஸ். தமிழ் அகராதி செய்த பாதிரியார் ஃபப்ரீசியஸ் வேறு; இவர் லின்னேயஸின் சீடர். இவர் 1798-இல் வெளியிட்ட நூலில் 'ஆல்பியஸ்' என்ற இறால் பேரினப் பெயர் முதன்முதலாக வந்தது. அதில் ஒன்றுக்கு 'அவாரஸ்', அதாவது கஞ்சன் என்று பெயர். மற்றொன்றுக்கு 'ராபக்ஸ்', பறித்துக்கொள்பவன். வட்டிக்கடைக்குப் பொருந்தும் பெயர்கள்! ஆனால் அந்தப் பிராணியின் முக்கியமான குணம் இரண்டிலும் இல்லை.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் இந்த ஆல்பியஸ் வகைகள் வாழ்கின்றன. விரல் நீளம்கூட இல்லை. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைச் சொடுக்கினால் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை வரும். கொடுக்கின் இரு பாகங்களும் மோதுவதே ஓசைக்குக் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். ஒரு நீர்க்குமிழி உண்டாகி உடைவதுதான் காரணம் என்பது 2000-இல் தெரியவந்தது. பெரிய கொடுக்கு ஒடிந்துபோனால், மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கு பெரிதாக வளர்ந்து அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இதையெல்லாம் ஜாடியில் ஊறிய இறால் சொல்லுமா? சாராயத்தில் போட்டதும் நிறம் வெளுத்துவிடுகிறது. உயிரோடு இருக்கையில் வெவ்வேறு கோலம் பூண்ட இரண்டு, ஜாடிக்குள் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும். முள்ளையும் கொடுக்கையும் அளந்து வகுத்த பட்டியல்கள் பல இடங்களில் தடுமாறியதற்கு இது ஒரு காரணம்.

1993-இல் நான்ஸி நோல்டன் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு வழியில் போனார்கள். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் இணைக்கும் பனாமா நிலம், ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்து கடலை இரண்டாக்கியது. இரு பக்கத்திலும் அச்சாக ஒரே மாதிரியான ஆல்பியஸ் இறால்கள் உண்டு. அவற்றை ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பகைதான் மிஞ்சியது. முட்டை பொரிக்கும் உறவு மிக அபூர்வம். முகம் ஒன்றாக இருந்தும் ஜாதி வேறாகிவிட்டது.

நம் கிராமத்துப் பெரியவர்கள் இதை ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள்: "அவர்களோடு கொள்வினை கொடுப்பினை உண்டா?" ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே சர்க்கார் போட்ட கோடு இருக்கிறது, ஆனாலும் சம்பந்தம் நின்றுபோகவில்லை. எனவே அது வெறும் கோடு. பனாமாவில் இயற்கை போட்டது நிஜமான எல்லை.

ஆனால் இந்தக் கேள்வியை உயிருள்ள இறாலிடம்தான் கேட்க முடியும். 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. பவளம் மடிந்து பொடிந்தால் இடுக்கு இல்லை. இடுக்கு இல்லையேல் இறாலும் இல்லை. அப்புறம் நமக்கு மிஞ்சுவது ஜாடிகளும் லத்தீன் பெயர்களுமே. கஞ்சன் என்று எழுதிய சீட்டு இருக்கும். அவன் யாருக்குப் பெண் கொடுத்தான் என்று சொல்ல ஆள் இருக்காது.