சேலை கட்டிய மாதா பிறந்த கதை

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி தாண்டி விருத்தாசலம் போய்ச் சேரலாம். அங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் கோணான்குப்பம். அந்த ஊர்ப் பெரியநாயகி மாதா கோயிலில் மரியாள் சேலை கட்டி, கையில் குழந்தையோடு நிற்கிறார். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களில் ஆசை கொண்டு, புத்தகத்திலும் செல்போனிலும் ரஃபேலைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் நேரில் பார்க்க வேண்டிய சிலை இது. ரஃபேலுக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் என்ன உறவு? கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுமலர்ச்சிக்கு முந்தைய காலத்து ஐரோப்பிய ஓவியங்களில் மரியாள் பொன் பூசிய பின்னணியில், அசையாத முகத்துடன் விண்ணரசியாக வீற்றிருப்பார். மறுமலர்ச்சி ஓவியர்கள் அவரைத் தங்கள் ஊருக்குள் அழைத்து வந்தார்கள். ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நோவெல்லா கோயில் சுவரில் 1485க்கும் 1490க்கும் இடையில் கிர்லாந்தாயோ மரியாளின் பிறப்பை வரைந்தார். பிரசவம் நடந்த இடம் ஃபுளோரன்ஸ் செல்வர் வீட்டு அறைபோல இருக்கிறது. குழந்தை பார்க்க வரும் பெண்கள், ஓவியத்துக்குப் பணம் கொடுத்த தோர்னபுவோனி குடும்பத்தார் உடுத்திய பட்டையே உடுத்தியிருக்கிறார்கள். 1513-14 வாக்கில் ரஃபேல் தீட்டிய ‘நாற்காலி மாதா’ தலையில் கோடு போட்ட துணியைச் சுற்றி, தோளில் சால்வை போர்த்தி, பிள்ளையை இறுக அணைத்திருக்கிறார். பெத்லகேமில் அப்படி யாரும் உடுத்தியதில்லை. பார்ப்பவர்கள் ‘இவள் நம்ம ஊர்க்காரி’ என்று உணர வேண்டும். ஓவியர்களுக்கு அதுதான் முக்கியம்.

அந்த ஓவியங்கள் நிறைந்த மண்ணில் பிறந்தவர் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி. சொந்த ஊர், மாந்துவாவுக்கு அருகில் உள்ள காஸ்திலியோனே, பிறந்தது 1680இல். மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் அரண்மனையில் மாந்தேன்யா 1474இல் முடித்த சுவரோவியங்கள் இன்றும் உலகப் புகழ் பெற்றவை. 1698இல் இயேசு சபையில் சேர்ந்த பெஸ்கி 1710இல் இந்தியா வந்தார். தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் ஆனார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தித் துறவிபோல வாழ்ந்து போட்ட பாதை ஏற்கெனவே இருந்தது.

கோணான்குப்பம் சிலை பிறந்ததை அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ்ப் பெண் கோலத்தில் மாதாவின் படம் ஒன்றை வரையச் செய்து, அதை மணிலாவுக்கு அனுப்பி, அங்கே சிலையாகச் செதுக்கி வரவழைத்தார் வீரமாமுனிவர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. முகாசாப்பரூர் பாளையக்காரர் கச்சிராயர் கோயில் எழத் துணை நின்றார் என்றும் சொல்கிறார்கள்.

மணிலா எதற்கு என்று தோன்றும். அன்று பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. மணிலாவில் குடியேறிய சீனச் சிற்பிகள் தந்தத்தில் புனிதர் சிலைகள் செதுக்குவதில் பேர்போனவர்கள். சோழமண்டலக் கரையின் துணிமணிகளும் மணிலாச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆக, இத்தாலியில் பிறந்தவரின் எண்ணம், தமிழ்ப் பெண்ணின் கோலம், மணிலாச் சிற்பியின் உளி மூன்றும் சேர்ந்து உருவானவர் பெரியநாயகி மாதா.

ஐரோப்பியப் படங்கள் வடக்கே முன்பே வந்துவிட்டன. 1580இல் ஃபத்தேபூர் சிக்ரிக்குப் போன இயேசு சபையினர் அக்பரிடம் மாதா படங்களைக் காட்டினார்கள். 1600இல் அபுல் ஹசன் என்ற 13 வயதுச் சிறுவன் ஜெர்மானிய ஓவியர் டியூரரின் யோவான் உருவத்தைப் பார்த்து அற்புதமாக வரைந்தான். அதுவும் பெரிய கலைதான். ஆனால் அங்கே ஐரோப்பிய உருவம் ஐரோப்பிய உடையிலேயே நின்றது. கோணான்குப்பத்தில் உடையே மாறியது.

அப்படி மாற்றுவது அன்று சாதாரணக் காரியம் இல்லை. போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் இருந்து ஆணை பிறப்பித்து, கிறிஸ்தவர்களிடையே நிலவிய பல உள்ளூர் வழக்கங்களுக்குத் தடை போட்டிருந்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்பதும் அந்தத் தடைகளில் ஒன்று. அந்தச் சச்சரவு ஓயாத காலத்தில்தான் மாதாவுக்குச் சேலை வந்தது.

இதே வேலையை வீரமாமுனிவர் சொல்லிலும் செய்தார். 1726இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கி, தமிழ்க் காப்பிய முறைப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் அமைத்து, யூதேயாவைத் தமிழ் நிலமாகவே 3615 பாடல்களில் பாடினார்.

சேலை கட்டிய மாதாவை மறுமலர்ச்சிக் கலையிலிருந்து விலகிய ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பேன். ஃபுளோரன்ஸ் தன் மாதாவை ஃபுளோரன்ஸ்காரியாக்கியது, கோணான்குப்பம் தமிழச்சியாக்கியது. முறை ஒன்றே. ரஃபேலின் படத்தை நகலெடுத்து வைத்திருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது.

பொங்கலை ஒட்டி ஜனவரியில் அங்கே திருவிழா. போகிறவர்கள் கும்பிட்ட பிறகு சேலையின் மடிப்பையும் பிள்ளையைத் தாங்கும் கையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் இதுபோல் பழைய சிலை ஏதும் இருந்தால், அடுத்த முறை பெயின்ட் அடிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எழுதி வைக்காத வரலாற்றுக்கு அந்தப் பழைய வர்ணமும் ஒரு சாட்சி.