நீரிழிவுக் கண்நோய் (கன்னியாகுமரி மாவட்டம்)

நீரிழிவு நாள்பட்டு நீடிக்கும்போது கண்ணின் விழித்திரை, ஆடி, பார்வை நரம்பு, கண்ணை அசைக்கும் நரம்புகள் ஆகியவற்றில் உண்டாகும் கேடுகள் நீரிழிவுக் கண்நோய் எனப்படும். விழித்திரையில் வருவதே இவற்றுள் கொடியது. மீளாத பார்வையிழப்பு பெரும்பாலும் அதனால்தான் நேர்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தார் ‘சுகர் கண்ணைப் பிடித்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். பழைய திருவிதாங்கூர் வழக்கில் நீரிழிவுக்குப் பிரமேகம் என்று பெயர்.

கண்ணில் நிகழ்வது

விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் மெல்ல மடிகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாய் புடைத்து, மிகச் சிறிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும். நோயின் முதல் அடையாளம் இந்த நுண்புடைப்பு. பிறகு குழாய் கசியத் தொடங்கும். நீர் கசிந்தால் விழித்திரை வீங்கும், கொழுப்பு கசிந்தால் மஞ்சள் படிவு தங்கும், இரத்தம் கசிந்தால் புள்ளியாகவோ தீற்றலாகவோ உறையும். எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் நடுப்பகுதியான மஞ்சட்புள்ளியில் வீக்கம் ஏற்பட்டால் பார்வை மங்கும். வேறு சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். இரத்தம் கிடைக்காத விழித்திரை ஒரு வேதிப்பொருளைச் சுரந்து புதுக்குழாய்களை வளரச் செய்யும். அவை உறுதியற்றவை. ஒருநாள் உடைந்து கண்ணின் உட்கூழில் இரத்தம் பரவும். கண்முன் பூச்சி பறப்பதாகவும் ஒட்டடை தொங்குவதாகவும் நோயாளி சொல்வார். பின்னர் வடுத்திசு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இதில் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. மஞ்சட்புள்ளி கெடாதவரை, புதுக்குழாய்கள் முளைத்துவிட்ட கண்ணாலும் மருத்துவமனைச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடலாம். ‘எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது’ என்று சொல்லி நோயாளி எழுந்து போவது இதனால்தான். இந்நோயில் பார்வை போவதற்கு இப்படிப் பரிசோதனையும் சிகிச்சையும் தாமதமாவதே மிகப் பெரிய காரணம்.

வரலாறு

தென்பாண்டிச் சீமையிலும், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென்திருவிதாங்கூரிலும் கண் வைத்தியம் பழமையானது. சித்த மருத்துவ நூலான நாகமுனி நயன விதி கண்நோய்களை 96 என்று வகுக்கிறது. பிரமேகம் எனப்படும் மேகநோய்களை 20 ஆகப் பிரிப்பது சித்தம், ஆயுர்வேதம் இரண்டுக்கும் பொது. சரக சம்ஹிதை அவற்றைக் கபத்தில் 10, பித்தத்தில் 6, வாதத்தில் 4 என்று அடுக்கி, நீரிழிவை ஒத்த மதுமேகத்தை வாதத்தின்கீழ் வைக்கிறது. ஆயினும் உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காணும் கருவி அன்று எந்நாட்டிலும் இல்லை. ஆகவே அந்நூல்கள் கூறும் பார்வை மங்கலை இன்றைய விழித்திரை நோயோடு ஒன்றாக்குவது பொருந்தாது.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கியை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1855இல், வியன்னாவின் எட்வர்ட் யேகர் நீரிழிவு நோயாளி ஒருவரின் மஞ்சட்புள்ளியில் மஞ்சள் படிவுகளையும் இரத்தக் கசிவையும் கண்டு பதிவு செய்தார். அக்காலக் கண் மருத்துவத்தின் பேரறிஞரான ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இதை ஏற்கவில்லை. நீரிழிவுக்கும் விழித்திரைக்கும் தொடர்பு உண்டென்பதற்குச் சான்றில்லை என்றார். யேகர் கண்டதே சரி. 1872இல் லண்டனில் எட்வர்ட் நெட்டில்ஷிப் திசு ஆய்வால் அவருக்கு வலுச்சேர்த்தார். 1876இல் வில்ஹெல்ம் மான்ஸ் புதுக்குழாய் வளர்ச்சியையும் விழித்திரை இழுபடுவதையும் விவரித்தார். 1890இல் பெர்லினின் யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க் முதல் வகைப்பாட்டைத் தந்தார்.

இதே காலத்தில்தான் தென்திருவிதாங்கூரில் மேலை மருத்துவம் வேரூன்றியது. லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் பணியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் 1890களில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆன்ட்ரூஸ் ஒரு குளியலறையையே மருந்தகமாக்கி வைத்தியம் பார்த்தார். 1900இல் வந்த பெர்சி டர்னர் அம்மருந்தகத்தைக் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்த்தார். எவரெஸ்ட் ஏறச் சென்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் 1923இல் நெய்யூரில் சேர்ந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக மனித உடலில் செலுத்தப்பட்டிருந்தது. கண்நோயின் வரலாற்றைத் திருப்பியதும் அதுதான். இன்சுலினுக்கு முன், நீரிழிவு வந்த குழந்தைகளும் இளைஞர்களும் விழித்திரை கெடும்வரை வாழவில்லை. ஆயுள் நீண்டபோது கண்நோயும் பெருகியது. விழித்திரைக் கேட்டுக்கு இரத்தக் கொதிப்பும் நாளமுதிர்ச்சியுமே காரணம் என்று அப்போதும் வாதிட்டவர்கள் உண்டு. 1943இல் கிளாஸ்கோவின் ஆர்தர் பாலன்டைன், நுண்குழாய்ச் சுவரின் மாற்றம் நீரிழிவுக்கே உரியது எனக் காட்டி அந்த வாதத்தை முடித்தார்.

வகைப்பாடு

விழித்திரை நோய் இரு பெரும் பிரிவாக வகுக்கப்படுகிறது: புதுக்குழாய் வளராத நிலை, வளர்ந்த நிலை. 1968இல் அமெரிக்காவின் ஏர்லி ஹவுஸில் கூடிய மருத்துவர்கள் வகுத்த முறை இதற்கு அடிப்படை. இன்று மருத்துவமனைகள் கையாளும் எளிய பன்னாட்டு அளவுகோல் 2003இல் வெளியானது. நோயற்ற நிலை, இலேசு, மிதம், கடுமை, புதுக்குழாய் வளர்ந்த நிலை என்று ஐந்து படிகள் அதில் உண்டு.

கடுமை நிலையை அறிய ‘4-2-1’ விதி பயன்படும். விழித்திரையை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, நான்கிலும் மிகுதியான இரத்தக் கசிவு, இரண்டில் மணிமாலைபோல் புடைத்த சிரைகள், ஒன்றில் பிறழ்ந்த நுண்குழாய் இணைப்புகள் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அது கடுமையான நிலை. அத்தகைய கண்ணை ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மஞ்சட்புள்ளி வீக்கம் எந்தப் படியிலும் வரக்கூடியது. அதனால் அதைத் தனியே குறிப்பர்.

பிற கேடுகள்

நீரிழிவு உள்ளவர்க்குக் கண்புரை முன்கூட்டியே வரும். சர்க்கரை ஏறி இறங்கும்போது ஆடியில் நீர் சேர்ந்து கிட்டப்பார்வை மாறிக்கொண்டே இருக்கும். அந்நேரத்தில் வாங்கும் கண்ணாடி சில வாரங்களில் உதவாமல் போகும். சர்க்கரை நிலைப்பட்ட பிறகே அளவெடுக்க வேண்டும். கண்ணை அசைக்கும் நரம்பு தாக்கப்பட்டால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

சிகிச்சை

சர்க்கரைக் கட்டுப்பாடே முதல் மருந்து. முதல் வகை நீரிழிவில் கடுமையான கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவதை 76 சதவீதம் குறைத்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 1993இல் காட்டியது. இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்துவதும் அதே அளவு தேவை. கருப்பட்டி போட்டுக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை இம்மாவட்டத்தில் பரவலாக உண்டு. கருப்பட்டியில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மரச்சீனிக் கிழங்கின் மாவுச்சத்தும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

புதுக்குழாய் வளர்ந்த கண்ணுக்கு லேசர். விழித்திரையின் ஓரப்பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சூட்டுப் புள்ளிகள் வைத்து, நடுப்பகுதி காப்பாற்றப்படுகிறது. இச்சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதை 1976இல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதிசெய்தது. மஞ்சட்புள்ளி வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். கேட்டாலே அச்சம் தருவது, ஆனால் மரத்துப்போகும் சொட்டு விட்டபின் சில நொடிகளில் முடிவது. இரத்தம் தேங்கிய கண்ணுக்கும் விழித்திரை இழுபட்ட கண்ணுக்கும் உட்கூழை நீக்கும் அறுவை உண்டு.

லேசருக்குப் பின் இருட்டில் பார்வை குறையலாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்க்கு இது பிழைப்புக் கேள்வி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் உள்மரம் புண்பட்டு அந்த இடம் பால் தராது. இவ்வேலை செய்பவரிடம் இரவுப் பார்வை பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு லேசர் வைப்பது மருத்துவரின் கடமை. சொல்லாமல் விட்டால் ‘லேசர் வைத்துத்தான் கண் போயிற்று’ என்ற பேச்சு தோட்டம் முழுதும் பரவி, அடுத்தவர் வராமல் போவார்.

பரிசோதனை

இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். முதல் வகையில் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாம். முன்பே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். இதற்காகக் கண்ணில் மருந்து ஊற்றிக் கண்பாவை விரிய அரைமணி நேரம் ஆகும். மங்கல் சில மணி நேரம் நீடிக்கும். பைக் ஓட்டித் திரும்ப முடியாது, துணைக்கு ஒருவர் வரவேண்டும், இருவருக்கும் அன்றைய கூலி போகும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இப்பரிசோதனைக்கு ஈடாகாது. சென்னையில் நடந்த இரு பெரிய ஆய்வுகளில் நீரிழிவு உள்ளவர்களில் முறையே 17.6, 18 சதவீதத்தினர்க்கு விழித்திரை நோய் இருந்தது.

இன்றைய நிலை

ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இயங்குகிறது. நாகர்கோவிலில் தனியார் கண் மருத்துவமனைகளும் உள்ளன. பலர் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலி அரவிந்துக்கோ செல்கின்றனர். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விழித்திரையைப் பார்க்க நோயாளிதான் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.